சிபில் கார்த்திகேசு: ஒரு 'மிஸ்ஸி'க்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது ஏன்?

குளுவாங், சிகாமட் பக்கம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'மிஸ்ஸி'ன்னா யாருன்னு விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர், பிள்ளைகளுக்கு ஊசி போடுபவர், பிரசவம் பார்ப்பவர். காயத்துக்கு மருந்து போட்டதே குற்றமாகி, ஆயுள் தண்டனை பெற்ற ஒரு தாதியும் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் பேராக்கில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு.

யார் இவர்?

1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடானில், யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919-இல், இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை கோலாலம்பூரில் மணந்தார்.

அவர்களின் முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது. வில்லியம் என்ற மகனைத் தத்தெடுத்தார்கள். பிறகு ஓல்கா, டோன் என இரண்டு மகள்கள் பிறந்தனர். 1926-இல் ஈப்போ பிரூஸ்டர் சாலையில் தம்பதியர் கிளினிக் தொடங்கினர். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால், சீனக் குடும்பங்களும் அவரை நம்பி வந்தன.

போர்க்காலத்தில் என்ன நடந்தது?

1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர்வரை பிடித்துவிட்டது. ஈப்போவில் குண்டு விழுந்ததும், சிபிலின் குடும்பம் அருகிலுள்ள பப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில் சிபில் ஊராருக்கு மருத்துவம் பார்த்தார். காட்டில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த போராளிகளும் ராத்திரியில் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் காயத்துக்குக் கட்டுப்போட்டு அனுப்பினார். ஒளித்து வைத்திருந்த வானொலியில் பிபிசி செய்தியும் கேட்டு வந்தார். அன்று அது தடை செய்யப்பட்ட செயல்.

கைதான பிறகு?

1943-இல் ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாய் அவரைக் கைது செய்தது. போராளிகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் கடுமையாகச் சித்திரவதை செய்தது. ஒரு கட்டத்தில் சிறுமி டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் சிபில் வாய் திறக்கவில்லை. குழந்தை உயிர் தப்பினாள். சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் விடுதலை. உடல் மிகவும் சிதைந்திருந்ததால் சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் சித்திரவதையில் தாடையில் ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி, 48 வயதில் காலமானார். ஸ்காட்லாந்தில் புதைக்கப்பட்ட அவரது உடல், 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று எப்படி நினைவுகூரப்படுகிறார்?

ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் எழுதிய 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற நினைவுக் குறிப்பு 1954-இல் நூலாக வந்தது. 2016-இல் அவரது பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. பப்பானில் உள்ள அந்தக் கடைவீடு நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகிறது.

பதக்கம் பிரிட்டனில் கிடைத்தது. சாலைப் பெயர் பின்னால் வந்தது. பப்பான் மக்களுக்கு அவர், கதவைத் தட்டினால் திறந்த மிஸ்ஸி. யார், எந்த இனம், எந்தக் கட்சி என்று பார்க்காமல் நோயாளியை நோயாளியாக மட்டும் பார்ப்பதுதான் இன்றும் தாதியர் தொழிலின் முதல் விதி. அதைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை ரொம்பவே பெரியது.