துகளுக்கு முன் மாதிரி: மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் திருப்பூர் வட்டாரமும்

மார்பகப் புற்றுநோயைத் தெளிவாகக் காட்ட உதவும் நானோதுகள்கள் பற்றிய ஆய்வுகள் பெருகிவருகின்றன. ஆனால், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் கணியூரிலிருந்து மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குச் செல்லும் பெண், மேமோகிராம் எடுக்க ஒருநாள் கூலியை இழந்து உடுமலைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். அவள் எடுக்கும் அந்த ஒரு படம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். அதற்கு நானோதுகளைவிட, உடல் திசுவைப் போலச் செயற்கையாகச் செய்த திசுமாதிரியே (phantom) முதலில் தேவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அல்ட்ராசவுண்டுக்கான மாதிரி செய்ய, அகர் அல்லது ஜெலட்டின் கரைசலில் கிளிசரின் சேர்த்தால், அதில் ஒலியின் வேகத்தை மென்திசுவுக்குரிய நொடிக்கு 1540 மீட்டர் அளவுக்குக் கொண்டுவரலாம். கிராஃபைட் பொடி, திசுவைப் போலவே ஒலியைச் சிதறடிக்கும். உள்ளே பதித்த கட்டியின் அளவும் இடமும் முன்பே தெரியுமாதலால், கருவியும் கண்ணும் எதைத் தவறவிட்டன என்பதை அளந்துவிடலாம்.

ஆனால் மாதிரி யாருடைய உடலைப் போன்றது? மேமோகிராம் தரச்சோதனைக்கான அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் மாதிரி, பாதி கொழுப்பும் பாதி சுரப்பித் திசுவுமான 4.2 சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்பகத்தைக் குறிக்கிறது. இந்தியப் பெண்களுக்கு இந்நோய் மேலைநாட்டினரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. இளவயதில் சுரப்பித் திசு அடர்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஆகவே அடர்த்தி மிகுந்த மாதிரிகளிலும் சோதிக்காத முறையை இங்கே பரிந்துரைப்பது பொருந்தாது.

துகளின் தேர்வும் கருவியைப் பொறுத்ததே. தங்கத்தின் எக்ஸ்ரே உறிஞ்சுதல் திடீரென உயரும் கே-விளிம்பு 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; மேமோகிராம் கதிர்களின் ஆற்றலோ அதற்கு வெகு கீழே. வெள்ளியின் விளிம்பு 25.5, அது மேமோகிராமின் எல்லைக்குள் அடங்குகிறது. பொருத்தம் இருந்தாலும் சேரிடம் உறுதியில்லை. மாதிரியில் துகளை நாம் விரும்பிய இடத்தில் வைக்கிறோம். உடலிலோ, இரத்தத்தில் செலுத்திய துகளின் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடித்தெடுத்துவிடுகின்றன. டொரண்டோ பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, செலுத்திய நானோதுகள்களில் கட்டியை அடைந்தது இடைநிலை அளவில் 0.7 விழுக்காடு மட்டுமே. அவ்வளவு குறைந்த செறிவிலும் படத்தில் தெரிகிறதா என்பதே மாதிரியிடம் கேட்கவேண்டிய கேள்வி.

இரத்தவழிப் பயணம் தேவைப்படாத இடத்தில் துகள் ஏற்கெனவே பயன் தருகிறது. அக்குளில் நோய் முதலில் பரவக்கூடிய நெறிக்கட்டியைக் கண்டறிய, இரும்பு ஆக்சைடு துகளை மார்பகத்திலேயே செலுத்துகிறார்கள். 2018இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. இதற்கு வழக்கமாகப் பயன்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்தின் அரைவாழ்வு ஆறு மணி நேரம். இரும்புக்கு அந்த அவசரமில்லை. அணுமருத்துவப் பிரிவு இல்லாத மருத்துவமனைக்கு இது ஏற்றது. ஆயினும் மார்பகத்தில் தங்கும் இரும்பு, பின்னாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்கக்கூடும்.

மாதிரியின் இன்னொரு பயன் பயிற்சி. மும்பை டாடா நினைவு மையம் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபதாண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் செய்த பரிசோதனை, முற்றிய நிலையில் கண்டறியப்படும் நோயைக் குறைத்தது. ஐம்பது வயதைக் கடந்தோரிடம் இறப்பும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. பயிற்சி பெற்ற கைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டென்றால், அந்தப் பயிற்சிக்கான மாதிரிகளைக் கொங்குப் பகுதிக் கல்லூரிகளே செய்து, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுப்போருக்கும் வழங்கலாம். அதே கல்லூரிகளின் நானோதுகள் ஆய்வும், அடர்ந்த மாதிரியில் குறைந்த செறிவில் தேறிய பிறகே நோயாளியை நெருங்க வேண்டும்.