வெந்நீர் ஊற்றும் மார்கழிக் கிணறும்

மார்கழி விடியலில் கிணற்றில் இறைத்த முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே கிணற்றுத் தண்ணீர் சில்லென்றிருக்கும். தண்ணீர் பெரிதாக மாறுவதில்லை; ஏறி இறங்குவது வெளிக்காற்றுதான். திருகோணமலை அருகே கன்னியாவில் இருப்பது வேறு சங்கதி. அங்கே ஏழு கிணறுகளிலும் தண்ணீர் அடியிலிருந்தே சூடாக வருகிறது. மாதம் எது என்று அது பார்ப்பதில்லை.

இந்த இரண்டையும் நாம் 'புவிவெப்பம்' என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குளிர்நாடுகளில் இந்தப் பெயரால் வீட்டைச் சூடாக்கும் வழிகளும் இரண்டு. ஐஸ்லாந்து போவது கன்னியாவின் வழி. ஸ்வீடன் போவது மார்கழிக் கிணற்றின் வழி.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக் என்றால் புகை விரிகுடா என்று பொருள். முதலில் வந்தவர்கள் புகை என்று கண்டது வெந்நீர் ஊற்றுகளின் ஆவியைத்தான் என்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அழுக்குத் துணியைச் சுமந்துபோய்த் துவைத்து வந்த இடம் லௌகார்தாலூர் ஊற்று. 1930-ல் அந்தத் துறையருகே துளையிட்டு, 3 கிலோமீட்டர் குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுபோனார்கள். 1973-ன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. தெயில்தார்துங்குக்வெர் என்ற ஒரே ஊற்று நொடிக்கு 180 லிட்டர் தண்ணீரை 97 டிகிரியில் கக்குகிறது. அதை 64 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அக்ரனெஸ் வரை கொண்டுபோகிறார்கள். வீட்டுக்குள் இயந்திரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குழாய், வால்வு, மீட்டர், அவ்வளவுதான். குளியலறையில் வெந்நீரைத் திறந்தால் லேசாக அழுகின முட்டை வாடை வரும், கந்தகத்தின் வேலை. ரேடியேட்டரில் சூடு இறங்கிய தண்ணீரையும் வீணாக்காமல் நடைபாதைக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள்.

ஸ்வீடனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. காலடியில் இருப்பது ஆறிப்போன பழைய கருங்கல். ஸ்டாக்ஹோம் பக்கம் அதன் சூடு 7, 8 டிகிரிதான். நம் பிரிட்ஜுக்குள் இருக்கும் குளிரைவிடக் கொஞ்சம் அதிகம். அதிலிருந்து வீட்டுக்குச் சூடு எடுக்கிறோம் என்றால் யாரும் கதை விடுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கே வீட்டு முற்றத்தில் நடப்பதை, போர் போடும் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் பார்த்தால் அவருக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. ரிக் வண்டி, காதைப் பிளக்கும் கம்ப்ரசர், பாறையை இடித்துக்கொண்டே இறங்கும் சுத்தியல், துளையின் வாய் வழியே பறக்கும் கல்தூள், எல்லாம் நம் ஊரில் போர் போடுவது போலவேதான். 150, 200 மீட்டர் வரை போகும். தண்ணீர் வந்தாலும் இறைக்க மாட்டார்கள் என்பதில்தான் அவர் திகைத்துப்போவார். கொண்டை ஊசி போல வளைந்த பிளாஸ்டிக் குழாயை அடிவரை இறக்கி, எரிசாராயம் கலந்த தண்ணீரை அதற்குள் சுற்றவிடுகிறார்கள். சாராயம், உறைந்துபோகாமல் இருக்க. நடுக்குளிர்காலத்தில் அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரியில் இறங்கி, பூஜ்யத்தை ஒட்டி மேலே வரும். பாறை கொடுத்தது மூன்றே டிகிரி. அந்த மூன்று டிகிரியை வைத்துக்கொண்டுதான் குடும்பம் குளிர்காலத்தை ஓட்டுகிறது.

மீதி வேலை வெப்பப் பம்புடையது. அந்தக் குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும் ஒரு திரவம் அதற்குள் இருக்கிறது. ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தும்போது சூடு ஏறும். அந்தச் சூடு வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும் குழாய்த் தண்ணீரை 35 டிகிரிக்குக் கொண்டுவரும். பிரிட்ஜின் முதுகில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். ஆனால் பழைய ரேடியேட்டருக்கு 55 டிகிரி வேண்டும் என்று கேட்டால் அந்தக் கணக்கு இறங்கிவிடும். எவ்வளவு உயரத்துக்குத் தூக்கச் சொல்கிறோமோ அவ்வளவு கரண்ட். விற்பவர்கள் 'பூமி தரும் இலவசச் சூடு' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆழத்துப் பாறையில் இருப்பது பெரும்பாலும் வெயில் காலங்காலமாக விட்டுப்போன சூடு. அதை மேலே தூக்க மாதாமாதம் பில் வரும்.

அளவுக்கு மீறி எடுத்தால் பாறையும் சலித்துப்போகும். அதனால்தான் அங்கே ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 20 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கிட்டத்தில் போர் போட்டால் நம் பாறையும் சேர்ந்து குளிரும். கிணற்றுத் தண்ணீருக்காக மூண்ட வரப்புச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சூட்டுக்கும் அப்படி ஒரு வழக்கு வரலாம் என்பது எளிதாகப் புரியும்.

ஐஸ்லாந்தில் சூடு ஊருக்குப் பொது. அதில் ஒரு நிம்மதியும் ஒரு ஆபத்தும் உண்டு. 2024 பிப்ரவரி 8 அன்று ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்திலிருந்து போகும் பிரதான வெந்நீர்க் குழாயை எரிமலைக் குழம்பு மூடி உடைத்தது. உறைபனிக் குளிரில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் வீடுகளில் ரேடியேட்டர் சில்லிட்டுவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் மின்அடுப்பையும் ஹீட்டரையும் போட்டால் மின்கம்பி தாங்காது, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. ஸ்வீடனில் அவரவர் துளை அவரவருக்கு. ஒரு குழாய் உடைந்து ஊரே குளிர்வது நடக்காது; ஆனால் கரண்ட் போனால் பம்ப் நிற்கும்.

கோடையில்தான் ஸ்வீடன் வழி ஒரு படி மேலே போகிறது. கம்ப்ரசரை ஓட்டாமலே பாறையின் குளிர்ந்த கலவையைச் சுற்றவிட்டு வீட்டைக் குளிர்விக்கலாம். வீட்டின் வெக்கை துளைக்குள் போய்ச் சேரும். குளிர்காலத்தில் வெறுமையான பாறைக்கு அது வரவு. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையம் 2009 முதல் நிலத்தடி நீரை வைத்து இதையே பெரிய அளவில் செய்கிறது. கோடையில் குளிர்நீர் எடுக்கிறது, அப்போது சேர்ந்த சூட்டைக் குளிர்காலத்தில் விமானம் நிற்கும் இடத்துப் பனியை உருக்கப் பயன்படுத்துகிறது. சென்னையில் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்கள் இந்த வரவு செலவை மறந்துவிடுகிறார்கள். வருடம் முழுக்க மண்ணுக்குள் வெக்கையைத் தள்ளிக்கொண்டே இருந்தால், திருப்பி எடுக்க நமக்கு ஏது குளிர்காலம்?

இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது ஐஸ்லாந்தின் தெற்கே ஹெய்மேய் தீவில். 1973 ஜனவரியில் ஊரை ஒட்டி எரிமலை வெடித்து, வீடுகளைப் புதைத்தது. ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் ஆறாத குழம்புக்குள் தண்ணீரை விட்டு, எழும்பிய ஆவியில் ஊரையே சூடாக்கினார்கள். பத்து வருடத்துக்கும் மேல் அது ஓடியது. பிறகு குழம்பு ஆறிவிட்டது. இப்போது அங்கே ஒரு பெரிய வெப்பப் பம்ப், குளிர்ந்த கடல்நீரிலிருந்து சூட்டைப் பிழிந்து, எரிமலைக்காக அன்று அமைத்த அதே வெந்நீர் ஏற்பாட்டின் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறது.