கூவியர் விற்ற பண்டம் எது?

கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்தில் அமெரிக்கத் தென்மாநிலச் சமையற் காணொளி ஒன்று நண்பர்கள் பலருடைய பக்கங்களில் சுற்றிவந்தது. விடுமுறைக் காலையில், அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட்டை இரண்டாகப் பிளந்து, கோகோவும் சர்க்கரையும் பாலும் சிறிது மாவும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் கிரேவியை அதன்மேல் ஊற்றி உண்கிறார்கள். ‘பிஸ்கட்டுக்குக் குழம்பா?’ என்று கேலிகள் குவிந்தன. கேலிக்குக் காரணம் அந்தப் பண்டமன்று, அதன் பெயர். அதைத் தொட்டுத் தொடங்கினாலும், நான் எழுத விரும்புவது பத்துப்பாட்டில் வரும் ஒரு சிற்றுண்டியைப் பற்றி.

முதலில் பெயர். ‘இருமுறை வெந்தது’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரே ஐரோப்பிய மொழிகளில் பிஸ்கட்டாக வழங்குகிறது. கப்பற்பயணத்தில் கெடாதிருக்க ஈரம் முழுதும் போகும்வரை சுட்ட ரொட்டி அது. போர்த்துக்கீசர் வழியாகத் தமிழுக்குப் ‘பிஸ்கோத்து’ வந்தது. ஆங்கிலேயர் வழியாகப் ‘பிஸ்கட்’ வந்தது. பெங்களூருவின் ஐயங்கார் பேக்கரிகளில் காரா பிஸ்கட் கேட்பவர் எவரும் அது நொறுங்கும் என்றே எதிர்பார்ப்பார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மட்டும் சொல் தங்கியது, பண்டம் மாறிவிட்டது. அங்கே பிஸ்கட் என்பது மென்மையான கோதுமை மாவில் வெண்ணெயைப் பிசிறி, மோரும் சோடா உப்பும் சேர்த்து, கையால் தட்டி, ஒருமுறை மட்டும் சுட்டெடுக்கும் பஞ்சுபோன்ற சிற்றப்பம். ‘பாலில் நனைத்த அப்பம்’ என்று அக்காணொளிக்குத் தலைப்பிட்டிருந்தால் நம்மவர் எவரும் சிரித்திருக்கமாட்டார்.

ஏனெனில், பண்டிகைக் காலையில் மாவுப் பண்டத்தை இனித்த பாலில் நனைத்து உண்பது இங்கே தெருவுக்குத் தெரு காணும் வழக்கம். நான் குடியிருக்கும் ஈஜிபுராவை எடுத்துக்கொள்ளுங்கள். கோரமங்களாவுக்கும் விவேக்நகருக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்கும் இப்பகுதியில் தமிழும் கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் உருதுவும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. கிறிஸ்துமஸ் காலையில் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் ஆப்பமும், ஏலக்காயிட்டு இனிப்புச் சேர்த்த தேங்காய்ப்பாலும். மேல்தளத்துக் கன்னடக் குடும்பத்தில் பண்டிகைக்கு ‘ஒத்து ஷாவிகே’. நம் இடியாப்பத்தின் உடன்பிறப்பு. அதற்கு ஊற்றிக்கொள்வது வெல்லமும் தேங்காயும் சேர்ந்த ‘காயி ஹாலு’. கேரளத்துச் சிரியன் கிறித்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவு புளிக்கவைக்காத பெசஹா அப்பத்தைப் பிட்டு, வெல்லமிட்ட தேங்காய்ப்பாலோடு தருவர். கொங்குநாட்டு நண்பர்களுக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் நினைவுக்கு வரும்.

இடையே ஒரு மொழிக்குறிப்பு. கன்னட ‘ஹாலு’ நம் ‘பால்’தான். பழங்கன்னடத்தில் அதுவும் ‘பால்’ என்றே இருந்தது. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கன்னடத்தில் சொன்முதற் பகரம் படிப்படியாக ஹகரமாயிற்று: பள்ளி ஹள்ளியானது, புலி ஹுலியானது. ஒரே மாடிப்படியில் கீழ்த்தளத்தில் பால், மேல்தளத்தில் ஹாலு.

இனிப் பத்துப்பாட்டுக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உவமை. நீரோரத்து மணலில் பூக்கள் உதிரும் காட்சிக்கு, பாலில் இட்ட ஒரு தின்பண்டத்தைப் புலவர் உவமையாக்குகிறார். அப்பண்டத்தைச் செய்பவர் கூவியர், செய்யும் கலம் கரிய அகல், சேர்க்கும் இனிப்பு பாகு, வடிவம் வட்டம், அவ்வட்டத்தைச் சூழ்ந்து இழை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் இவ்வுவமை பரவலாக அறியப்பட்டது. உணவு வரலாறு பேசுவோர் இதனை இரு வகையாக ஆள்கின்றனர். ‘இழை’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு இது இடியாப்பமே என்பார் ஒருசாரார். உரையாசிரியர் அப்பம் என்று கொண்டதைப் பற்றிக்கொண்டு நம் ஆப்பத்துக்கு ஈராயிரமாண்டு வயது சொல்வார் மற்றொரு சாரார். பண்டிகைக் காலங்களில் இவ்விரு கூற்றும் வாழ்த்துப் படங்களாகவே வலம்வருகின்றன.

இரண்டையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். பெயர்ச்சொற்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் சிக்கல் இது, வினைச்சொல்லைப் பார்க்கவேண்டும். சமையலில் தமிழ் வினைகள் மிகக் கறாரானவை. ஆப்பத்தை ஊற்றுகிறோம். இடியாப்பத்தைப் பிழிகிறோம். அடையைத் தட்டுகிறோம். கொழுக்கட்டையைப் பிடிக்கிறோம். ‘கொழுக்கட்டை ஊற்றினேன்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் பிழையாகக்கூடச் சொல்லாது. பெரும்பாணாற்றுப்படை இப்பண்டத்துக்கு ஆளும் வினை ‘பிடித்தல்’. பாகோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டது அது. மதுரைக்காஞ்சியும் பூரணம் வைத்த மோதகத்துக்கு இதே வினையைத்தான் ஆள்கிறது. கையால் உருட்டி உருவாக்கும் கெட்டி மாவுக்கு உரிய வினை என்பது இதனால் உறுதிப்படுகிறது.

அப்படியானால் கரைத்த மாவை ஊற்றிச் சுழற்றும் இன்றைய ஆப்பம் அன்று அது. ஆவியில் வேகும் இடியாப்பமும் அன்று. ஆவியில் வேகும் பண்டத்துக்குக் கரிய அகல் எதற்கு? மேலும், இடியாப்ப மாவில் பாகு சேர்ப்பதில்லை. இனிப்பு பின்னர் பாலோடு வருகிறது. பாகும் மாவும் சேர்ந்து, கையால் பிடித்து, நெருப்பேறிக் கறுத்த சட்டியில் வெந்து, பாலில் விழும் வட்டம். இன்றைய பண்டங்களில் அதிரசம் இதற்கு உறவு என்று நினைக்கிறேன். ‘இழை’ அதன் மேற்பரப்பில் நூலாகச் சுற்றிய வேலைப்பாடாகவோ, பாகு இழுபட்ட நூலாகவோ இருக்கலாம். நச்சினார்க்கினியர் அதனை அப்பம் என்றது பொருத்தமே. அவர் காலத்து அப்பம் நெய்யும் வெல்லமும் கூடியதாக இருந்திருக்கும். கோயிற் கல்வெட்டுகளில் ‘அப்பவமுது’ என்று வருவதும், கோவிலடி அப்பக்குடத்தான் கோயிலில் இன்றும் படைக்கப்படுவதும் இவ்வகை இனிப்பப்பமே. குறில் முதலான அப்பத்தையும் நெடில் முதலான ஆப்பத்தையும் தமிழ் வெவ்வேறு பண்டங்களாக்கி வைத்திருக்கிறது. மலையாளத்திலோ இரண்டும் அப்பமே. அந்த நெடிலைக் கவனியாமல் உரையைப் படித்தால் நாமும் வழிதவறுவோம்.

கையால் பிடித்த மாவு, கரிய சட்டி, இனித்த பால். அமெரிக்கத் தென்மாநிலச் சமையலறையின் வார்ப்பிரும்புச் சட்டியில் தட்டி வைக்கப்படும் மாவுருண்டைக்கு, செய்முறை அளவில், நம் ஆப்பத்தைவிடக் கூவியரின் வட்டம் நெருக்கமானது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் எவரேனும் விரைவில் வருவார் என்பதால் முன்னரே குறித்துவைக்கிறேன்.

புளிப்பின் கதை வேறு. இன்றைய ஆப்பத்தின் கண்கண்ணான துளைகளுக்கு மாவில் காற்று வேண்டும். அதைக் கள் தந்தது. கள்ளிலுள்ள ஈஸ்ட் மாவின் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை விடுகிறது. கேரளத்துக் கள்ளப்பத்தின் பெயரிலேயே அது நிற்கிறது. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்தது. இடையில் தளர்ந்து, 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கு மீண்டும் தடை வந்தது. ஆப்பச் சட்டிக்குள் சட்டம் நுழைந்த வழி இது. கள் இருந்த இடத்தில் சோடா உப்பும் கடை ஈஸ்ட்டும் அமர்ந்தன. மதுரைக்காஞ்சி, தேன்கூட்டைப் போன்ற மெல்லடை என்று ஒன்றைச் சொல்கிறது. அந்த ஒப்புமை துளைகளைக் குறித்ததாயின், புளித்த மாவு அன்றே இருந்தது என வாதிடலாம். வரிவடிவத்தைக் குறித்ததாயின் வாதம் நிற்காது. ஓர் உவமையின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றுவதற்கு எனக்கு மனமில்லை.

சோடா உப்பு அமெரிக்காவில் செய்த வேலையைச் சொன்னால்தான் உழைப்பின் பக்கம் விளங்கும். அது வருவதற்குமுன் அத்தென்மாநிலங்களில் ‘அடித்த பிஸ்கட்’ வழக்கத்தில் இருந்தது. மாவைக் கட்டையாலோ கோடரிக் காம்பாலோ அரைமணி நேரமும் அதற்கு மேலும் அடித்து அதில் காற்றை ஏற்றினார்கள். அடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். மேசையில் அமர்ந்து உண்டவர்கள் வேறு. 1856இல் வேதியியலர் எபன் நார்ட்டன் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அத்தகைய தூள்கள் பெருகவே அந்த அடி படிப்படியாக ஓய்ந்தது. நம் பக்கத்தில் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்த பெண்களுக்கு விடுதலை 1950களில் கோயம்புத்தூரில் உருவான மின் கிரைண்டரோடு மெல்ல வந்தது. ‘பாட்டி கைமணம்’ என்று நாம் உருகுவதில் ஒரு பகுதி பாட்டியின் தோள்வலி. இதனை எழுதினால் சிலர் கோபிக்கிறார்கள், கோபிக்கட்டும்.

உழைத்தவருக்குப் பழைய நூல்கள் பெயர் தந்திருக்கின்றன என்பதே என்னை இத்தேடலில் இழுத்தது. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலோர் வரிசையில் காழியரும் கூவியரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். காழியர் பிட்டு விற்போர், கூவியர் அப்பம் விற்போர் என்பது உரை. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. கூவியர் தங்கள் அடைகளுக்கும் மோதகங்களுக்கும் அருகே தூங்கிவழிகிறார்கள். விற்று முடியாத பண்டம், வீடு திரும்பாத வணிகர். பால் கலந்த வட்டம் இந்நூல்களில் அன்னையின் அடுக்களைப் பண்டமாக வரவில்லை. தெருவில் காசுக்கோ பண்டமாற்றுக்கோ விற்கும் பண்டமாகவே வருகிறது. ‘மரபான வீட்டுணவு’ என்று நாம் இதற்கு ஒட்டும் சீட்டு பிற்காலத்தது.

பின்னர் கூவியர் என்ற சொல் வழக்கிழந்தது. அப்பம் மட்டும் வாழ்ந்தது, வியக்கத்தக்க வகையில். ‘அப்பம் என்றால் பிட்டுக் காட்டவேண்டும்’ என்று பழமொழியானது. தமிழ் விவிலியத்தில் மேற்காசியாவின் கோதுமை ரொட்டிக்கே பெயரானது. ஆகவேதான் ஆலயத்தில் பகிரப்படும் அப்பமும் கிறிஸ்துமஸ் காலை ஆப்பமும் ஓர் உயிரெழுத்தின் தொலைவில் நிற்கின்றன. ஈழத்தில் அவ்வையத்துக்கே இடமில்லை. பேக்கரி ரொட்டி அங்கே போர்த்துக்கீசச் சொல்லான பாண். இலங்கை ஆப்பத்தை ஆங்கிலேயர் ‘ஹாப்பர்’ என்றனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அச்சொல் ஏறிவிட்டது. பண்டத்தின் பெயர் கடல்கடந்து அகராதியேறியது. செய்தவரின் பெயரோ ஊரிலேயே மறைந்தது.

ஈஜிபுராவில் இந்த மறைதலை வேறு வடிவில் காணலாம். இங்கிருந்த நலிவுற்ற பிரிவினர் குடியிருப்பின் கட்டடங்கள் சிதைந்தபின் குடும்பங்கள் பல தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தன. 2013 ஜனவரியில் மாநகராட்சி அவற்றை இடித்தது; தனியார் கூட்டில் வணிக வளாகம் எழுப்புவது திட்டம். வெளியேற்றப்பட்டோரில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் மிகுதி. பெண்கள் பலர் கோரமங்களா வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிழைத்தவர்கள். செய்திகள் குடும்பங்களை எண்ணின, கொட்டகைகளை எண்ணின, ஏக்கரை எண்ணின. விடியலில் மாவு கரைத்து, வேலைக்குப் போகுமுன் வாசலில் ஆப்பம் சுட்டு விற்றவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. அவர்களைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. ‘ஆப்பக்காரம்மா’ என்பது அன்பான விளி; ஆவணத்தில் ஏறாது. அங்கே அவர்கள் ‘அமைப்புசாராத் தொழிலாளர்’ ஆகிவிடுகிறார்கள்.

எங்கள் தெருமுனையில் ஆப்பம் விற்கும் அம்மாவும் அக்குடியிருப்பில் இருந்தவரே. இரண்டு ஆப்பச் சட்டிகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பாக இருந்து இப்போது எரிவாயுவுக்கு மாறிய அடுப்பு, தேங்காய்ப்பாலுக்கு மூடியிட்ட எவர்சில்வர் தூக்கு. தலைப்பாலை அவர் சூடாக்குவதில்லை, கொதித்தால் திரிந்துவிடும். இரண்டாம் பாலில் சர்க்கரையைக் கரைத்து இளஞ்சூடாக்கி இறக்கியபின்தான் தலைப்பாலைச் சேர்ப்பார். வெல்லம் போட்டால் சுவை கூடும், ஆனால் நிறம் மங்குவதால் வாங்குவோர் முகம் சுளிக்கிறார்கள் என்பது அவருடைய வணிகக் கணிப்பு. வினைகளைச் சோதித்துப் பார்க்க அவரிடம் கேட்டேன்: ‘அம்மா, ஆப்பத்தைப் பிடிக்கிறதுன்னு சொல்லுவீங்களா?’ கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: ‘ஆப்பத்த எப்படிம்மா பிடிப்ப? அது என்ன கொழுக்கட்டையா?’

விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத் திருவிழா ஜனவரி 14 அன்று. பல ஆண்டுகளில் பொங்கலும் அதே நாளில் வந்துவிடும். அன்று அவர் நான்கு மணிக்கே அடுப்பை மூட்டுகிறார். 2013க்குப் பின் நகரின் விளிம்புக்குப் போய்விட்ட பழைய அண்டைவீட்டார், முதல் பேருந்தில் வந்து பூசைக்குமுன் அந்த அடுப்பைச் சுற்றி நிற்கிறார்கள். தூக்கில் பால் தீர்ந்துபோனபின் வருபவர்களுக்கு ஆப்பத்தின்மேல் வெறும் சர்க்கரையைத் தூவித் தருகிறார். அதற்கு இரண்டு ரூபாய் குறைவு.