கெசட் நாடா ஓடிய பத்து வருடங்கள்

நூற்றாண்டு மலருக்கு ஒவ்வொரு தசாப்தத்து மாணவிகளும் தத்தம் காலத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று சங்கம் கேட்டுக்கொண்டது. தொண்ணூறுகளில் படித்த நாங்கள் கூடிப் பேசியபோது கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றி எழுத யாரும் முன்வரவில்லை. அவை அதிபர் அறிக்கைகளில் இருக்கின்றன. நாங்கள் எதைக் கேட்டோம், எதைப் பார்த்தோம், அவற்றைக் காட்டிய பெட்டிகள் எங்கள் வீடுகளுக்கு எப்படி வந்தன என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. ஆகவே அதையே எழுதுகிறோம்.

தசாப்தம் தொடங்கும்போது எங்களிற் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது வானொலி மட்டுந்தான். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ போகும்போது தலைபின்னி ரிப்பன் கட்டி முடித்திருக்க வேண்டும். அது முடிந்தும் வீட்டில் நின்றால் உக்குவளையிலிருந்தும் இரத்தோட்டையிலிருந்தும் வரும் பஸ் போய்விடும். விரும்பிய பாடலைக் கேட்கத் தபாலட்டை அனுப்புவோம். அட்டையில் இடமிருக்கும் வரை பெயர்களை நெருக்கி எழுதுவோம். இராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலில் ‘மாத்தளை’ என்ற சொல் வந்தாலே போதும், மறுநாள் வகுப்பில் அதுதான் பேச்சு. பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் ‘பாட்டுக்குப் பாட்டு’ இல்லாமல் எங்கள் சுற்றுலா பஸ் ஒன்றும் புறப்பட்டதில்லை. 1993 சித்திரை வருடப்பிறப்பன்று சென்னையில் சன் டிவி தொடங்கி, சில வருடங்களில் அதே விளையாட்டை அவரே அங்கு நடத்தத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து எல்லாம் நமக்கு வருகிறது என்றே கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இங்கிருந்து ஒன்று அங்கு போனது பெருமையாக இருந்தது.

தொலைக்காட்சியின் கதை வேறு. ஐ.டி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கிவிட்டன. ஆனால் தோட்டத்து லயங்களிலும் நகரத்துச் சிறிய வீடுகளிலும் வர்ணத் தொலைக்காட்சி வந்து இறங்கியது பெரும்பாலும் தொண்ணூறுகளில்தான். அதைக் கொண்டுவந்தவர்கள் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். எங்கள் அம்மாமார், சித்திமார், அக்காமார். இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வரும்போது ஒரு டிவி, இரண்டு கெசட் போடும் ரேடியோ, போர்வை, வாசனைச் சோப். ஊரில் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் விலையைக் கேட்டார்கள். அம்மா இல்லாத வீட்டில் மூத்த மகள் எத்தனை நாள் பாடசாலைக்கு வராமல் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பு இடாப்பில் அது சிவப்புக் கோடுகளாக இருந்தது.

1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கு இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மாத்தளைப் பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். அந்த வாரங்களில் டிவி உள்ள வீடுகளுக்குப் பிள்ளைகள் போனது படம் பார்க்க அல்ல, செய்திக்கு. ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்தது சொற்ப நேரம். ஆகையால் சிங்களச் செய்தியையும் விளங்கியவரை கேட்டுக்கொண்டு, பாலைவனத்தில் வரிசையாக நிற்பவர்களின் முகங்களைத் தேடினார்கள்.

அம்மாமார் கடிதத்தோடு கெசட்டும் அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் எழுத நேரமில்லாதவர்களுக்கும் அதுதான் தபால். புதிய கெசட் விலை என்பதால் பழைய பாட்டுக் கெசட்டின் மேலேயே பேசிப் பதிவுசெய்திருப்பார்கள். “சாப்பிட்டீங்களா, சண்டை போடாதீங்க, தாத்தாவுக்கு மருந்து வாங்கிக் குடுங்க” என்று குரல் போய்க்கொண்டிருக்கும். பேச்சு முடிந்த இடத்தில் பாதியிலிருந்து ஜானகி அம்மாவின் பாட்டு தொடரும். இப்படிப்பட்ட ஒரு கெசட்டை எங்களில் ஒருத்தி இன்றும் வைத்திருக்கிறாள். அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை.

படங்களுக்கு வருவோம். அந்நாளில் இந்தியப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமை அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. எனவே புதுப்படம் திரையரங்குக்கு வருமுன் வீடியோவாக வந்துவிடும். ‘டெக்’கை ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தால் மூன்று படம் பார்த்தே ஆகவேண்டும் என்பது கணக்கு. லயத்தில் மின்சாரம் இல்லையா, லொறி பெட்டரி வரும். பிரதியின் பிரதி என்பதால் ‘தளபதி’யில் ரஜினியின் முகம் பச்சையாக இருந்தது. அதனால் என்ன, சத்தம் கேட்டது.

1992இல் ‘ரோஜா’ வந்தது. ஏ. ஆர். ரஹ்மானுக்கு அது முதற்படம். தேசிய விருதும் கிடைத்தது. அதுவரை இளையராஜாவின் பாடல்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு கட்சியானோம். உயர்தர வகுப்பு ராஜா கட்சி. ஒன்பதும் பத்தும் ரஹ்மான் கட்சி. திருகோணமலை வீதியில் பாட்டுப் பதிவுசெய்து கொடுக்கும் கடைக்கு, கொப்பித் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு, வெற்றுக் கெசட்டுடன் போவோம். அறுபது நிமிடத்தில் எத்தனை பாட்டு அடங்கும் என்று நாங்கள் போட்ட கணக்கை எங்கள் கணித ஆசிரியை பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’, ‘பம்பாய்’ என்று அந்தக் கெசட்டுகள் தேய்ந்தன. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம்.

பாடசாலையில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. தமிழ்த்தினப் போட்டிக்குக் கும்மியும் கோலாட்டமும்தான். அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனால் 1994இல் வந்த பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வைப் பார்த்தவர்கள், பெண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடும் கதையை இடைவேளையில் மரத்தடியிலிருந்து பேசியது எந்தப் பாடத்திலும் வராத பேச்சு. அந்தப் படத்தில் பாடியதற்காகச் சுவர்ணலதா தேசிய விருது பெற்றார். எங்களுடைய லயத்தையும் கொழுந்துக் கூடையையும் காட்டிய படம் மட்டும் அந்தப் பத்து வருடங்களில் எங்களுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. வி. பி. கணேசன் அவர்களின் ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. அதைப் பற்றி அப்பாமார் சொல்லத்தான் கேட்டோம்.

‘பம்பாய்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995இல் அதை டெக்கில் போட்டபோது நாங்கள் பாட்டுக்காகக் காத்திருந்தோம். கலவரக் காட்சியில் கடைகள் எரியத் தொடங்கியதும் எங்கள் அம்மாமார் சிலர் எழுந்து குசினிக்குப் போய்விட்டார்கள். 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்ததும் முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டதும் அவர்கள் கண்ணால் கண்டவை. எங்களுக்கு அப்போது நாலைந்து வயது. வீட்டில் யாரும் அதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றிரவு சிலர் வீட்டில் முதன்முறையாகப் பேசினார்கள்: யார் வீட்டில் ஒளிந்திருந்தோம், எந்தச் சிங்களக் குடும்பம் சோறு கொடுத்தது, என்னென்ன திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு சினிமாப் படம் இல்லாவிட்டால் எங்களில் சிலருக்கு அந்தக் கதை தெரியவே வந்திராது.

சிங்கள நாடகங்களையும் மறைக்கத் தேவையில்லை. புதன்கிழமைகளில் ஐ.டி.என்.னில் ‘கோபி கடே’ பார்த்துத்தான் எங்களில் பலர் சிங்களம் பேசப் பழகினோம். ‘தூ தருவோ’ போன நாட்களில் பக்கத்து வீட்டு நோனாவும் எங்கள் ஆச்சியும் ஒரே பாயிலிருந்து அழுதார்கள். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்கு மாற்றிய கார்ட்டூன்களின் வசனங்கள் இன்றும் மனப்பாடம். பின்னாளில் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தச் சிங்களம் கைகொடுத்தது.

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள். அதற்கு முந்திய டிசம்பரில் மெல்பேர்னில் முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் அறிவித்ததிலிருந்தே எங்களுக்குப் பற்றியெரிந்துகொண்டிருந்தது. முரளி படித்த கல்லூரி கட்டுகஸ்தோட்டையில். மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் அந்த வழியாகத்தான் போகும். எங்கள் பேச்சு பேசும் ஒருவர் அந்த அணியில் இருந்தபடியால், வெடி கொளுத்தி வீதிக்கு வந்த கூட்டத்தில் அன்று யார் எவர் என்று பார்க்கவில்லை. அவ்வருடம் மழை பொய்த்து, பல மணி நேர மின்வெட்டு வந்ததும் நினைவிருக்கும். சாதாரண தரத்துக்குக் குப்பி விளக்கில் படித்த வகுப்பு எங்களுடையது.

இந்த வேளையில் எங்கள் ஊருக்கூடாகப் போகும் ஏ-9 வீதியின் மறுமுனையில் மின்சாரமே இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, அதில் வானொலி கேட்டிருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பின்னர் சந்தித்தபோது தெரிந்தது, நாங்கள் பென்சிலால் நாடா சுற்றிக் கேட்ட அதே பாட்டுகளை அவர்கள் மிதித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று. அந்த வீதி மூடிக்கிடந்த வருடங்களில் பாட்டு மட்டும் இருபக்கமும் போயிருக்கிறது.

1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதன்பின் கண்டிக்கு டியூஷனுக்குப் போன எங்களை, பஞ்சாபி உடுத்திருந்தாலும் பொட்டைப் பார்த்து இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனோம். அதே வருடம் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம்., சக்தி டிவி எல்லாம் தொடங்கின. தபாலட்டைக்குப் பதில் தொலைபேசி. வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று காசு கட்டி எடுத்தோம். பல நாள் லைன் கிடைக்காது. கிடைத்த ஒருத்தியிடம் அறிவிப்பாளர், “எங்கிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். கொஞ்ச நாளாக வெளியில் ஊர்ப்பெயர் சொல்லவே பயந்திருந்தவள், தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், லயத்தின் இலக்கம் வரை சொன்னாள். எங்கள் தோட்டத்துப் பேச்சு, திருத்தாமல், அப்படியே ஒலிபரப்பாகியது. அதுவரை வானொலியில் அந்தப் பேச்சை நாங்கள் கேட்டது பெரும்பாலும் நாடகத்து வேலைக்காரி பாத்திரங்களில்தான்.

அவள் கேட்டது ‘படையப்பா’ பாட்டு. அடுத்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டு, பெறுபேறு வருமுன்னே, அம்மா போன அதே வழியில் அவளும் குவைத்துக்குப் போனாள். பெறுபேற்றை நாங்கள்தான் பார்த்து அனுப்பினோம். மூன்று பாடமும் சித்தி. பாட்டுப் பதிவுசெய்து தந்த கடையில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.