இரண்டெழுத்துப் பெயரும் செங்கல்பட்டுத் தீர்மானமும்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை இப்போதுதான் படித்து முடித்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு நாவல் பழக்கம் கொஞ்சம் கம்மி. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் வந்த கதை. ஜீனோ என்ற இயந்திர நாய் அப்பாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. எனக்கு நாயைவிட மனதில் நின்றது பெயர் விவகாரம்தான்.

கதை நடப்பது 2021-ல். ஜீவா என்ற சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கிறார். பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டும். எல்லோருக்கும் இரண்டெழுத்தில்தான் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. அதில் ஊர், மதம், சாதி, தாத்தா பெயர் எதுவும் உட்கார இடமில்லை. நாய்க்கும் இரண்டெழுத்து, குடிமகளுக்கும் இரண்டெழுத்து! அதிலும் அந்த நாய்தான் புத்தகம் படித்து யோசிக்கிறது. (முடிவைச் சொல்ல மாட்டேன், படியுங்கள்.)

சரி, பெயரைக் குறைப்பது எப்போதும் கொடுமைதானா? எங்கள் கேளம்பாக்கம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே எதிர் உதாரணம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெரியாரின் இயக்கம் கூட்டியது, தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது ஒரு தீர்மானம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்றது இன்னொன்று. தலைவரே தன் பெயரிலிருந்த நாடார் பட்டத்தை விட்டார். யாரும் வெட்டவில்லை, அவர்களே வெட்டிக்கொண்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் ஓர் இனிஷியலும் ஒரு பெயருமாக இருப்பதற்குப் பின்னால் இந்தச் சரித்திரமும் இருக்கிறது.

சுஜாதாவும் அப்படித்தான். சொந்தப் பெயர் ரங்கராஜன். ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். பெண் என்று நினைத்தே பலர் படித்தார்களாம்.

எனக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். போன கோடையில் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போனேன். படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம். இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன். ஐ.டி. கார்டில் அதுவே பெரிய எழுத்தில் வந்துவிட்டது. புனே அலுவலகத்திலிருந்து வந்த மெயிலெல்லாம் அப்பா பெயரைப் போட்டு 'மிஸ்டர்' என்றே ஆரம்பித்தன. வீட்டில் சொன்னால் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், தனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று! எனக்குத்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மாதிரி இருந்தது.

2021-ல் பெயரை வெட்டுவார்கள் என்று சுஜாதா எழுதினார். நிஜத்தில் ஒற்றைப் பெயர் போதாது என்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

நானும் இப்போது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். நம் நாட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். துபாய் சித்தி, "பேசாம அப்பா பேரைப் போட்டுடு, பின்னால கஷ்டப்படாதே" என்கிறாள். இன்னும் நிரப்பவில்லை.