உடைந்த கலமும் மீண்ட கலமும்
புளூபேர்ட் கே 7 மீளமைப்பு எழுப்பும் வரலாற்று வினாக்கள்

பழம்பொருளொன்று சிதைந்த நிலையிற் கிடைக்குமாயின் அதனை அவ்வாறே பேணுவதா, அன்றி முன்னைய உருவத்திற்கு மீட்பதா என்பது வரலாற்றுத் துறையில் நெடுங்காலமாக எழுந்துவரும் வினாவாகும். கோயில்கள், கோட்டைகள், சுவரோவியங்கள் ஆகியவை தொடர்பாக இவ்வினா பலராலும் ஆராயப்பட்டுள்ளது. எந்திர யுகம் தோற்றுவித்த பொருள்களுக்கும் அது பொருந்துமா என்பது தனித்து நோக்கற்பாலது. வடமேற்கு இங்கிலாந்தின் கொனிஸ்ரன் ஏரியில் 1967இல் உடைந்து மூழ்கி, 2001இல் வெளிக்கொணரப்பட்டு, 2018இல் மீண்டும் நீரில் ஓடிய 'புளூபேர்ட் கே 7' என்னும் மோட்டர்ப் படகின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

நீர்வேகச் சாதனை என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பிரித்தானியரும் அமெரிக்கரும் நாட்டுப் பெருமையாகக் கொண்ட ஒரு துறையாகும். சேர் மல்கம் கம்பெல் 1939 ஓகஸ்ட் 19ஆந் திகதி இதே கொனிஸ்ரன் ஏரியில் மணிக்கு 141.74 மைல் வேகத்தை எட்டினார். இரண்டாம் உலகப் போர் அவரது முயற்சியை நிறுத்தியது. 1948இன் இறுதி நாளில் அவர் காலமானார். தந்தையின் பணியை மகன் டொனால்ட் கம்பெல் மேற்கொண்டார். அது உயிரைப் பணயம் வைக்கும் பணி என்பது அப்பொழுதே தெளிவாயிருந்தது. 1952 செப்ரெம்பரில் ஜோன் கொப் என்பார் ஸ்கொத்லாந்தின் நெஸ் ஏரியில் இதே முயற்சியில் உயிரிழந்தார்.

இச்சூழலிலேயே கே 7 உருவாயிற்று. கென் நொறிஸ், லூ நொறிஸ் ஆகிய சகோதரர் அதனை வடிவமைத்தனர். போர்க்காலம் விமானத் தொழிலில் வளர்த்த அறிவு அப்படகின் ஒவ்வோர் உறுப்பிலும் காணப்படுகின்றது. உருக்குக் குழாய்களாலான சட்டகம், அதன்மேல் மகனீசியம் கலந்த அலுமினிய உலோகத் தகடு, தகட்டைச் சட்டகத்துடன் பிணிக்கும் 'ரிவெற்' எனப்படும் தறையாணிகள், பின்னின்று உந்தும் தாரை எஞ்சின் என்பன அவ்வுறுப்புக்களாம். மரப்பலகையாலான பழைய பந்தயப் படகுக்கும் இதற்குமிடையே ஒரு தொழினுட்ப யுகமே உள்ளது எனலாம். முன்புறத்தில் இரு மிதவைகளும் பின்புறத்தில் உடலின் ஒரு பகுதியுமாக மூன்று இடங்களில் மாத்திரம் நீரைத் தொட்டுக்கொண்டு, ஏனைய பகுதி காற்றில் நிற்க விரையும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்தது.

1955 யூலை 23ஆந் திகதி அல்ஸ்வோற்றர் ஏரியில் மணிக்கு 202.32 மைல் வேகத்தில் ஓடி அது தன் முதலாவது உலகச் சாதனையை நிலைநாட்டியது. 1964 டிசெம்பர் 31ஆந் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல் வேகத்தை எட்டியது ஏழாவது சாதனையாகும். அவ்வாண்டிலேயே தரைவேகச் சாதனையையும் நிலைநாட்டியிருந்த கம்பெல், ஒரே ஆண்டில் இரண்டையும் பெற்ற ஒரே மனிதராக விளங்கினார். பின்னர் 300 மைல் எல்லையைக் கடக்கும் நோக்குடன் 'நற்' என்னும் சிறு போர்விமானத்தின் ஓர்பியஸ் எஞ்சின் படகிற் பொருத்தப்பட்டது. 1967 சனவரி 4ஆந் திகதி காலை, முதலாவது ஓட்டத்தில் ஏறத்தாழ 297 மைல் வேகம் பதிவாயிற்று. முதலோட்டம் எழுப்பிய அலைகள் அடங்குமுன்னரே கம்பெல் திரும்பி ஓடினார். முன்புறம் மேலெழுந்து, படகு காற்றிற் புரண்டு, நீரில் மோதிச் சிதைந்தது. அந்நிகழ்ச்சி முழுவதும் படச்சுருளிற் பதிவாயிற்று. கம்பெலின் இறுதிச் சொற்களும் வானொலித் தொடர்பிற் பதிவாயின. கடற்படைச் சுழியோடிகள் உடைந்த கலத்தைக் கண்டனராயினும், அவரது உடலைக் கண்டிலர். முப்பத்துநான்கு ஆண்டுகள் அவ்வேரியே அவருக்குக் கல்லறையாயிருந்தது.

2001 மார்ச் 8ஆந் திகதி, பில் சிமித் என்னும் சுழியோடியின் குழுவினர் கலத்தின் பிரதான பகுதியை மேலே கொணர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் கம்பெலின் உடலும் கண்டெடுக்கப்பட்டு, செப்ரெம்பர் 12ஆந் திகதி கொனிஸ்ரனில் அடக்கஞ் செய்யப்பட்டது. 2006இல் அவரது குடும்பத்தினர் சிதைந்த கலத்தை அவ்வூரிலுள்ள ரஸ்கின் நூதனசாலைக்கு வழங்கினர். அதனை மீண்டும் ஓடக்கூடிய நிலைக்குக் கொணரும் பணியைத் தைன் ஆற்றங்கரையிலுள்ள பட்டறையிற் சிமித்தும் தொண்டர்களும் மேற்கொண்டனர்.

இங்கு வரலாறு வியத்தகு முரணொன்றை முன்வைக்கின்றது. அந்நூதனசாலை யாருடைய பெயரைத் தாங்கியுள்ளதோ, அந்த ஜோன் ரஸ்கின் பழம்பொருள் மீளமைப்பின் மிகக் கடுமையான எதிரியாவார். 1849இல் வெளிவந்த 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலில், மீளமைப்பு என்பது அழிவின் மிகக் கொடிய வகை என்றும், இறந்தவரை எழுப்புவதுபோல் இயலாத காரியம் என்றும் அவர் வாதிட்டார். பழைய கைவினைஞனின் கையும் உள்ளமும் அவனோடு மறைந்துவிட்டன. அவற்றைப் பிறிதொருவன் மீளப்பெற முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். 1871இற் கொனிஸ்ரன் ஏரியின் கீழைக் கரையில் இல்லமொன்றை வாங்கிய ரஸ்கின், 1900இல் இறந்து அவ்வூரிலேயே அடக்கம் பெற்றார். அவர் கருத்தைத் தொடர்ந்து வில்லியம் மொறிஸ் 1877இற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். இச்சிந்தனை மரபு ஈழத்தவருக்கும் அந்நியமானதன்று. ஆனந்த குமாரசுவாமி இம்மரபில் ஊறியவர். மொறிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியிலேயே அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் அச்சாயிற்று.

இதற்கு மறுதலையான கொள்கையைப் பிரான்சிய நாட்டுக் கட்டடக் கலைஞர் வியொலே லெ டுக் முன்வைத்தார். முழுமையான வடிவத்திற்கு ஒரு கட்டடத்தை உயர்த்துவதே மீளமைப்பு. அம்முழுமை எக்காலத்திலும் இருந்திராததாயினும் குற்றமில்லை என்பது அவர் துணிபு. இவ்விரு முனைகளுக்குமிடையே நடுவழி காண முயன்றது 1964இன் வெனிஸ் சாசனமாகும். ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நின்றுவிடவேண்டும் எனவும், புதிதாகச் சேர்க்கப்படும் பகுதி பழையதோடு இசைவதாயினும் அதனின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல்வேண்டும் எனவும் அது விதித்தது. கே 7 தன் இறுதிச் சாதனையை நிலைநாட்டிய அதே ஆண்டில் இச்சாசனம் தோன்றியமை தற்செயலேயாயினும் நினைவுகொள்ளத்தக்கது.

உலோகப் படகொன்றை மீளமைக்கும் செய்முறையை நோக்கின் இக்கொள்கைப் பூசலின் பொருள் நன்கு விளங்கும். தறையாணி திருகாணியன்று, கழற்றி மீண்டும் பூட்ட இயலாது. அதன் தலையைத் துளைத்து, உடலைத் தட்டி வெளியேற்றுவதால் அது அழிகின்றது. ஆயின் ஆணிகள் அகன்றால் மட்டுமே தகட்டைப் பெயர்த்து உள்ளே மறைந்துள்ள அரிப்பைக் காணலாம். உருக்கும் அலுமினியமும் நீரில் ஒன்றையொன்று தொடுமிடத்து மின்வேதியியல் முறையில் அலுமினியமே அரிக்கப்படும். ஆகவே இரண்டிற்குமிடையே காப்புப்பூச்சு இன்றியமையாதது. நெளிந்த தகட்டை அளவறிந்து சூடாக்கி மென்மையாக்கிய பின்னரே சுத்தியலாலும் உருளையாலும் பழைய வளைவுக்குக் கொணரலாம். சூடு சிறிது மிகின் அலுமினியம் நிறம் மாறி எச்சரிக்காமலே உருகிவிடும். கிழிந்த இடத்திற் புதுத்துண்டு பொருத்தவேண்டும். ஈற்றில், ஒருவர் வெளியே நின்று ஆணியை அறைய, மற்றவர் உள்ளே நின்று கனத்த இரும்புக் கட்டியால் அதன் வாலைத் தாங்க, பழைய துளைகளிலேயே புதிய ஆணிகள் இறுக்கப்படும். எத்துணைப் பழைய தகடு எஞ்சியிருப்பினும் அதனைப் பிணிக்கும் ஆணி புதியதே.

எனவே மீளமைப்பானது சான்றைக் காப்பதும் அழிப்பதும் ஒருங்கே செய்யும் தொழிலாகின்றது. மோதலில் ஏற்பட்ட ஒவ்வொரு நெளிவும் அந்தச் சனவரிக் காலையின் சாட்சியமாகும். அந்நெளிவை நிமிர்த்துகின்ற சுத்தியல் அச்சாட்சியத்தைத் துடைத்துவிடுகின்றது. உடைந்த நிலையிலேயே கலத்தைப் பேணவேண்டும் என வாதித்தோரின் கருத்துக்கு இதுவே அடிப்படை. தேசிய மரபுரிமை லொத்தர் நிதியமும் மீளமைப்புக்கு நிதி வழங்க மறுத்தது. மறுபுறத்தில், ஒரு மனிதரின் இறப்பை மாத்திரம் காட்சிப்பொருளாக்குவது முறையாகுமா என்னும் வினாவும் வலுவுடையதே. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடி ஏழு சாதனைகள் படைத்த கலத்தின் வரலாற்றைச் சில வினாடிகள் நிகழ்ந்த விபத்தொன்றுள் அடக்குவது நீதியன்று என்பர் அத்தரப்பினர்.

மீளமைத்தோர் பழைய உலோகத்தை இயன்றவரை பயன்படுத்தினர். எனினும் மோதலின்போது காற்றுவாய்களுக்கு முன்னுள்ள பகுதி முறிந்து சிதைந்தமையால், முன்புறத்திற் பெரும்பகுதி புதிதாகவே ஆக்கப்பட்டது. எஞ்சினும் அதே வகையைச் சேர்ந்த வேறொன்றாகும். 2018 ஓகஸ்டில் ஸ்கொத்லாந்தின் பியூட் தீவிலுள்ள ஏரியொன்றிற் படகு மீண்டும் ஓடி, மணிக்கு ஏறத்தாழ 150 மைல் வேகத்தை எட்டியது.

இந்தப் புதுமையும் பழைமையும் கலந்த நிலையே பின்னர் பிணக்கிற்கும் வித்திட்டது. பழைய கலம் நூதனசாலையின் உடைமை; புதிதாக ஆக்கிய உறுப்புக்கள் ஆக்கியோரின் உழைப்பு. இரண்டும் ஆணிகளால் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டபின் அது யாருக்குரியது? படகு ஓடுங்கலமாக இருக்கவேண்டுமா, காட்சிக்கூடத்தில் நிற்கவேண்டுமா என்பதிலும் இரு சாராரும் வேறுபட்டனர். சட்ட நடவடிக்கைவரை சென்ற இப்பிணக்கின் முடிவில், 2024 மார்ச்சிற் படகு கொனிஸ்ரனை அடைந்தது. ஊரவர் வீதியிற் கூடி நின்று வரவேற்றனர்.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மைகள் சில. முதலாவதாக, மீளமைப்பு என்பது கடந்தகாலத்திற்குத் திரும்புதலன்று. நிகழ்காலத்தவர் கடந்தகாலத்தின் ஒரு பகுதியைத் தெரிந்தெடுப்பதாகும். அவ்வாறு தெரிந்தெடுக்கும்போது பிறிதொரு பகுதி இழக்கப்படுகின்றது. இரண்டாவதாக, அவ்விழப்புக்கு ஈடுசெய்யத்தக்கது பதிவு ஒன்றேயாகும். எந்தத் தகடு பழையது, எது புதியது, எந்நெளிவு எங்கிருந்தது என்பன எழுத்திலும் படத்திலும் பேணப்படுமாயின், நிமிர்த்தப்பட்ட தகடும் ஓரளவு சாட்சி கூறும். அப்பதிவு இல்லாதவிடத்து ரஸ்கினின் குற்றச்சாட்டு முற்றிலும் பொருந்தும். மூன்றாவதாக, கட்டடம் நின்றவாறே தன் பொருளை உணர்த்தவல்லது. எந்திரமோ இயங்கும்போதே தன் பொருளை முழுமையாக உணர்த்துவது. நீரில் மூன்று புள்ளிகளிற் படிந்து விரையும் கலத்தின் இயல்பை அசையாத தகடு காட்டமாட்டாது. ரஸ்கின் காலத்துக் கொள்கை எந்திர யுகத்திற்கு முழுவதும் போதியதாகாமைக்கு இதுவே காரணம்.

கம்பெலும் ரஸ்கினும் இன்று ஒரே ஊரின் மண்ணில் உறங்குகின்றனர். மீளமைப்பைப் பொய் என்றவரின் பெயரைத் தாங்கிய மனையிலேயே மீளமைக்கப்பட்ட கலமும் இடம்பெற்றது. இருவருள் எவர் பக்கம் நீதி என்பதை அக்கலம் கூறாது. ஆயினும் அதன் பழைய தகட்டையும் புதிய ஆணியையும் வேறுபிரித்து நோக்கக் கற்றவர், வரலாற்றுச் சான்று எதனையும் அவ்வாறே நோக்கக் கற்றவராவர்.