மரப்பட்டையிலிருந்து அலோஹா சட்டை வரை: ஹவாய் ஆடை மரபின் அறுபடலும் மீட்பும்

1935 ஜூன் 28 அன்று ‘ஹொனலுலு அட்வர்டைசர்’ நாளிதழில் முசாஷியா என்ற ஜப்பானியத் தையல் கடை ஒரு சிறு விளம்பரம் கொடுத்தது. விற்பனைக்கு வந்திருப்பவை ‘அலோஹா சட்டைகள்’, தையல் நேர்த்தியானது, நிறங்கள் பளிச்சென்றவை, விலை 95 சென்ட்டிலிருந்து தொடங்கும் என்பது அதன் சாரம். அந்தப் பெயர் அச்சில் முதன்முதலாகக் கிடைப்பது இங்கேதான். அடுத்த ஒரு தலைமுறைக்குள் உலகம் ஹவாயை அடையாளம் காணும் உடையாக அது ஆகிவிட்டது.

அந்தச் சட்டையின் பிறப்பை ஆராய்ந்தால் பல நாட்டுக் கைகள் தெரியும். துணி ஜப்பானிலிருந்து வந்தது. தைத்தவர்கள் ஜப்பானியக் குடியேறிகள். பெயரை வணிகக்குறியாகப் பதிந்தவர் சீன வம்சாவளியினர். தீவின் பூக்களைத் துணியில் வரையச் செய்தவர் சிந்து மாகாணத்திலிருந்து வந்த வணிகர். ஹவாய்ப் பூர்வகுடிகளின் கை இதில் அநேகமாக இல்லை. அலோஹா சட்டையைத் தீவின் பழைய துணி மரபின் தொடர்ச்சியாகக் காட்டுவது சுற்றுலா இலக்கியத்தின் வழக்கம். சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. ஒரு மரபு அறுந்துபோன இடத்தில் குடியேறிகள் வளர்த்தெடுத்த புது மரபே இந்தச் சட்டை. அறுந்த மரபும் புதிய மரபும் முகம் பார்த்துக்கொள்ள 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கபா

ஹவாய்த் தீவுகளில் தறி இருந்ததில்லை. அங்கே துணி என்பது மரப்பட்டையை அடித்து விரித்துச் செய்யும் கபா. பாலினேசியக் கடலோடிகள் தங்கள் இரட்டைத் தோணிகளில் ஏற்றிவந்த செடிகளுள் வாவுகே எனப்படும் காகித முசுக்கட்டையும் ஒன்று. அதன் தண்டை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, உட்பட்டையை உரித்து ஊறவைப்பார்கள். கல்லின்மேல் வைத்து ஹோஹோவா என்ற உருளைக் கொட்டாப்புளியால் ஒருமுறை அடிப்பார்கள். மீண்டும் ஊறிப் புளித்த பிறகு, மரப்பட்டடையில் வைத்து இஎ குகு என்ற நான்முகக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். இந்த இரண்டாம் கட்டம்தான் ஹவாய்க் கபாவைத் தனித்துக் காட்டுகிறது. கொட்டாப்புளியின் முகங்களில் செதுக்கிய கோடுகளும் கட்டங்களும் துணிக்குள்ளேயே பதிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறியாகத் தெரியும். சமோவா, டோங்கா போன்ற தீவுகளின் பட்டைத் துணியில் இந்த நுட்பத்தைக் காண முடியாது.

சாயங்கள் தமிழ் வாசகருக்கு அந்நியமானவை அல்ல. மஞ்சள் நிறத்துக்கு ஓலெனா, அதாவது நம் சமையலறை மஞ்சள். நம் நுணாவின் இனத்தைச் சேர்ந்த நோனியின் வேர்ப்பட்டையும் மஞ்சள் தரும். அதில் பவளச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். குக்குயிக் கொட்டையை எரித்த கரியிலிருந்து கறுப்பு. மூங்கில் பட்டையில் செதுக்கிய மெல்லிய அச்சுகளால் வரிசை வரிசையாகக் கோலமிடுவார்கள். ஆண்கள் கட்டிய மாலோ, பெண்கள் இடுப்பில் சுற்றிய பாவு, தோளில் முடிந்த கிஹெய், இரவில் போர்த்திய பல அடுக்குப் போர்வை எல்லாமே கபாதான்.

இந்த வேலை பெண்களுடையது. அதற்குத் தொன்மமும் உண்டு. சூரியன் விரைந்து ஓடிவிடுவதால் கபா காய்வதில்லை என்று ஹினா வருந்தினாள். அவள் மகன் மாவுயி ஹலெயாகலா மலையுச்சியில் சூரியனைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து மெதுவாக நடக்கவைத்தான் என்பது கதை. ஒரு பெண்ணின் துணி உலர்வதற்காகப் பகலின் நீளத்தையே மாற்றிய சமூகம் அந்த உழைப்புக்கு எவ்வளவு மதிப்புத் தந்திருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1778 ஜனவரியில் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் கவாயி தீவின் வைமெயாவில் நின்றன. வந்தவர்கள் கபாவைக் கண்டு வியந்து அள்ளிச் சென்றார்கள். 1787இல் லண்டனில் அலெக்ஸாண்டர் ஷா, குக்கின் மூன்று பயணங்களிலும் திரட்டப்பட்ட பட்டைத் துணிகளை வெட்டி, அசல் துண்டுகளையே தாள்களாகக் கோத்து ஒரு நூலாக வெளியிட்டார். இன்று அந்த நூலின் பிரதிகள் கபா ஆய்வாளர்களுக்கு அரிய ஆவணம். முழுத் துணிகள் துண்டாடப்பட்டுப் பிழைத்திருக்கின்றன என்பது வேதனை கலந்த பேறு.

அறுபடல்

கபாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. நீரில் நனைந்தால் வலுவிழக்கும். துவைத்து உடுத்த இயலாது. சந்தன மரத்துக்கு ஈடாகக் கப்பல் வணிகர்கள் கொண்டுவந்த பருத்தியும் சீனப் பட்டும் முதலில் தலைவர்களின் உடம்பில் ஏறியதற்கு இது ஒரு காரணம். பெருமை இன்னொரு காரணம். 1819இல் முதலாம் கமெஹமெஹா இறந்தார். அதே ஆண்டு பழைய விலக்கு நெறிகளின் ஒழுங்கான கபு கைவிடப்பட்டது. கபாவைச் சுற்றியிருந்த சடங்குகளும் அதோடு தளர்ந்தன.

1820 வசந்தத்தில் ‘தாடியஸ்’ கப்பலில் நியூ இங்கிலாந்து மிஷனரிகள் வந்தார்கள். கூச்சமறியாத தீவினருக்கு அவர்கள் ஆடை உடுத்தினார்கள் என்ற கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மிஷனரிப் பெண்களின் நினைவுக்குறிப்புகள் அதை அப்படியே ஆதரிக்கவில்லை. கமெஹமெஹாவின் விதவை கலாகுவா வெள்ளைப் பருத்தித் துணியோடு கப்பலேறி, அந்தப் பெண்கள் உடுத்தியிருந்ததைப் போலவே தனக்கு ஓர் அங்கி தைத்துத் தரும்படி ஆணையிட்டார். தளத்தில் அமர்ந்து, உடனிருந்த தலைவர்குலப் பெண்களுக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தபடி, அவர்கள் தைத்தார்கள். கட்டளை அரசியுடையது, கைவேலை மிஷனரியுடையது. பின்னாளில் தேவாலயத்தின் கண்டிப்பு சாதாரண மக்கள்மேல் விழுந்தது உண்மை. ஆனால் தொடக்கத்தில் அந்த அரசி தன் விருப்பத்தால் ஒரு புதிய உடையைத் தேர்ந்தார் என்பதை அழித்துவிட்டு எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி.

பருத்த உடலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் தோள்பட்டியிலிருந்து தளர்வாகத் தொங்கிய அந்த அங்கிதான் ஹோலோகூ. அதன் உள்ளே அணிந்த எளிய உள்ளாடை முவுமுவு. 20ஆம் நூற்றாண்டில் அதுவே வெளியே வந்து பூப்போட்ட அச்சுத் துணியில் சுற்றுலாப் பெண்களின் உடையாயிற்று. ஹோலோகூவோ நீண்ட பின்தானை பெற்று அரண்மனை உடையாக உயர்ந்தது.

கபா செய்தவர்கள் குறைந்தார்கள். குக்குக்குப் பின் வந்த தொற்றுநோய்களால் மக்கள்தொகை சரிந்து, 1890 கணக்கெடுப்பில் பூர்வகுடிகளும் கலப்பினரும் சேர்ந்து சுமார் 40,000 பேரே எஞ்சியிருந்தார்கள். ஏட்டில் எழுதாத தொழில்நுட்பம் அதை அறிந்தவர்களோடு மண்ணுக்குள் போயிற்று. 1893இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டு 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டபோது, அன்றாட வழக்கிலிருந்து கபா அநேகமாக மறைந்திருந்தது.

கரும்புத் தோட்டத்துக் கட்டம்

அலோஹா சட்டைக்கு முன்னால் தீவுகளுக்கு ஒரு பொதுச் சட்டை இருந்தது. ஆடம்பரமில்லாத காரணத்தால் வரலாற்று நூல்கள் அதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் நெய்த தடித்த பருத்தித் துணி, பெயர் பலாகா. 1852 முதல் சீனர், 1878 முதல் போர்ச்சுகீசியர், 1885 முதல் பெருந்திரளாக ஜப்பானியர், 1906 முதல் பிலிப்பினோக்கள் என்று கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். கரும்புச் சோகை தோலைக் கிழிக்கும். அதைத் தாங்கும் துணி வேண்டும். பலாகா தாங்கியது. வைபாஹூ ஊரின் அரகாவா கடை தையற்கூடமாகத் தொடங்கி, பலாகாவால் தலைமுறைகளுக்குப் பெயர் பெற்றது. மொழியாலும் சாப்பாட்டாலும் தனித்தனி முகாம்களில் வாழ்ந்த தொழிலாளர்கள் ஒரே துணியை உடுத்தினார்கள். உழைப்பாளர்களின் ஹவாய் என்று ஒன்று உண்டென்றால் அதன் கொடி பலாகாதான் என்பது என் மதிப்பீடு.

இந்த உடைகளை ஆராய்ந்தவர்களுள் பார்பரா கவகாமி தனித்து நிற்கிறார். தோட்டத்தில் வளர்ந்து, பல்லாண்டு தையற்காரியாக உழைத்து, பிறகு ஆய்வாளரானவர். ஜப்பானியக் குடியேறிகளின் ஆடை பற்றிய அவரது நூல் 1993இல் வெளிவந்தது. தையலை அறிந்த கை எழுதியதால், எந்தக் கிமோனோ எப்படிப் பிரித்து வேலைச் சட்டையாயிற்று என்பது அதில் துல்லியமாக இருக்கிறது.

பெயரும் பூவும்

முசாஷியா கடையைச் சோதாரோ மியாமோத்தோ 1904இல் நிறுவினார். மகன் கோயிசிரோ தொடர்ந்து நடத்தினார். கிமோனோவுக்கும் யுகாடாவுக்கும் வந்த அச்சுத் துணியில் ஆண்களுக்குச் சட்டை தைக்கும் பழக்கம் 1930களின் தொடக்கத்தில் ஹொனலுலுவில் பரவலாக இருந்தது. யார் முதலில் என்ற சண்டை தீராதது. தீர்க்கத் தேவையும் இல்லை. சட்டையைக் காற்சட்டைக்குள் செருகாமல் வெளியே விடும் வழக்கத்துக்குப் பிலிப்பினோக்களின் பாரோங் முன்னோடியாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

எல்லரி சன் என்ற இளைஞர் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு 1931இல் ஊர் திரும்பி, குடும்பத்தின் கிங்-ஸ்மித் துணிக்கடையை எடுத்து நடத்தினார். பளிச்சென்ற ஜப்பானியத் துணி வாங்கிச் சில டஜன் சட்டைகள் தைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். 1936இல் ‘அலோஹா ஸ்போர்ட்ஸ்வேர்’, 1937இல் ‘அலோஹா ஷர்ட்’ என்ற பெயர்களைப் பதிவுசெய்தார். ஏன் ஜப்பானியத் துணி என்பதற்கு அவர் பின்னாளில் தந்த விளக்கம் முக்கியமானது: அசலான ஹவாய்த் துணி என்று அக்காலத்தில் எதுவும் கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் தீவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கபாக் கொட்டாப்புளியின் ஓசை நினைவிலிருந்தும் போய்விட்டது என்பதை, தற்செயலாக, ஒரு கடைக்காரர் பதிவுசெய்திருக்கிறார்.

அந்த முதல் சட்டைகளில் மூங்கிலும் புலியும் ஃபூஜி மலையும் இருந்தன. தீவின் பூக்கள் துணிக்கு வந்த கதையில் இந்தியத் தொடர்பு உண்டு. சிந்துவின் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஜமன்தாஸ் வாட்டுமல் 1914இல் ஹொனலுலுவில் தொடங்கிய கடையைத் தம்பி கோவிந்த்ராம் வளர்த்தார். அவர் மணந்த எல்லன் ஜென்சன் அமெரிக்கப் பெண். குடியுரிமை பெறத் தகுதியற்ற ஆசியரை மணந்தவர் என்ற காரணத்தால் அன்றைய சட்டம் எல்லனின் சொந்தக் குடியுரிமையையே பறித்தது. 1931இல்தான் அது திரும்பக் கிடைத்தது. எல்லனின் சகோதரி எல்ஸி தாஸ் ஓவியர். 1936இல் வாட்டுமல் கடைக்காக அவர் ஹவாய்ப் பூக்களை வரைந்தார். ஓவியங்கள் ஜப்பானுக்குப் போய்ப் பட்டில் கைஅச்சாகத் திரும்பின. குடியுரிமை மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கடையிலிருந்து ‘ஹவாய்’ என்று உலகம் ஏற்றுக்கொண்ட பூவடிவங்கள் புறப்பட்டன.

போர், தொழிற்சாலை, வெள்ளிக்கிழமை

1941 டிசம்பர் 7இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு ஜப்பானியத் துணி நின்றது. போருக்குப் பின் ரேயான் வந்தது. சாயத்தை ஆழமாக ஏற்று உடம்பில் வழிந்து விழும் அந்தத் துணியில் தைத்தவையே இன்று சேகரிப்பாளர்கள் தேடும் 1940–50களின் சட்டைகள். ஹொனலுலுவில் 1948இல் தொழில் தொடங்கிய ஆல்ஃபிரட் ஷஹீன் லெபனான் வம்சாவளியினர், போர் விமானியாக இருந்தவர். வெளியூர்த் துணியை நம்பியிருக்க விரும்பாமல் தீவிலேயே அச்சிடும் கூடத்தைக் கட்டினார். பசிபிக் தீவுகளின் பட்டைத் துணிக் கோலங்களைத் தேடி ஆராய்ந்து வடிவமைத்ததில் அவர் பிறரைவிட ஒரு படி மேல். 1961இல் வெளிவந்த ‘புளூ ஹவாய்’ இசைத்தட்டின் உறையில் எல்விஸ் பிரெஸ்லி அணிந்த சிவப்புச் சட்டை அவருடையது.

உள்ளூர் அலுவலகங்களில் நுழைய இந்தச் சட்டை வெகுகாலம் போராடியது. போர் முடிந்த ஆண்டுகளில் நகர ஊழியர்கள் வெயில் மாதங்களில் திறந்த கழுத்துச் சட்டை அணியலாம் என்றானபோதும் பூப்போட்டவை விலக்கப்பட்டன. 1947இல் தொடங்கிய அலோஹா வாரம் ஆண்டுக்கு ஒருமுறை அந்த விலக்கைத் தளர்த்தியது. 1962இல் ஹவாய் ஆடைத் தொழில்துறையினர் சங்கம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு அலோஹா சட்டை கொடுத்தது. கோடையில் அவற்றை அணியப் பரிந்துரைக்கும் தீர்மானம் நிறைவேறியது. அதே சங்கத்தின் பில் ஃபாஸ்டரின் முயற்சியால் 1966இல் அலோஹா வெள்ளி நிலைபெற்றது. சில ஆண்டுகளில் வாரம் முழுவதும் அதுவே அலுவலக உடை. துணியின் உட்புறம் வெளியே தெரியத் தைத்து நிறத்தை மங்கவைத்த ரெய்ன் ஸ்பூனர் முறை, வங்கிகளும் கூச்சமின்றி ஏற்க வழிசெய்தது.

மீட்பு

இந்தச் சட்டைகளில் தென்படும் அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அவற்றில் மலரும் ப்ளுமேரியாவும் ஹவாயின் பூர்வத் தாவரம் அல்ல. பயணிகள் பார்க்க விரும்பிய தீவே துணியில் வரையப்பட்டது. 1970களின் ஹவாய் மறுமலர்ச்சி இதைக் கேள்வி கேட்டது. ஹிலோவில் 1985இல் கடை திறந்த சிக் ஜேன், ஹூலா மந்திரங்களில் வரும் செடிகளைத் தேர்ந்து, ஓஹியா லெஹுவாவையும் கலோவையும் ஓரிரு நிறங்களில் அகலமாக வெட்டி அச்சிட்டார். அந்த மந்திரங்களின் அறிவு அவர் மனைவி நாலானி கனகஓலேயின் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. கபா அச்சின் கட்டுப்பாடு அந்தச் சட்டைகளில் மீண்டும் தெரிகிறது. அலோஹா சட்டை தீவின் சொந்த அறிவோடு கலந்தது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

கபாவும் திரும்பியது. மலியா சாலமன், புவனானி வான் டோர்ப் முதலியோர் அருங்காட்சியகத் துணிகளையும் பிற தீவுகளின் முறைகளையும் ஒப்பிட்டு, சோதித்துத் தோற்று மீண்டும் சோதித்து, புளிக்கவைக்கும் பக்குவத்தைக் கண்டுபிடித்தார்கள். மாவுயித் தீவின் ஹோனொகஹுவாவில் விடுதி கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட மூதாதையரின் எலும்புகளை 1990இல் மீண்டும் அடக்கம் செய்ய, வான் டோர்ப்பும் மாவுயிப் பெண்களும் கபா அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கணத்தில் அது கலைப்பொருள் அல்ல, தேவைப்பட்ட துணி. 2011 மெரி மோனார்க் ஹூலா விழாவில் நாலானியின் ஹாலாவ் ஓ கெகுஹி குழுவினர் கபா உடுத்தி ஆடினார்கள். மேரி மெக்டொனால்டும் அவர் மகள் ரோயன் ஹஃபர்டும் இன்னும் பலரும் அந்த உடைகளுக்காக உழைத்தார்கள். வியர்வையையும் உடலின் வேகத்தையும் மேடையில் தாங்கும் கபாவை அவர்கள் செய்து காட்டினார்கள். ஹஃபர்டுக்கு 2023இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் நல்கை வழங்கப்பட்டது. அவர் தொழிலின் முதல் வேலை இன்றும் வாவுகே நட்டு, கிளை விடாமல் நெடுந்தண்டாக வளர, முளைக்கும் பக்கக் கணுக்களை விடாமல் கிள்ளிவிடுவதுதான்.